சேலத்தில் ஹார்ட் டிஸ்க் ரெக்கவரி: பிசி-3000, எம்ஆர்டி, டீப்ஸ்பார்... எதை வாங்கலாம், யாருடைய சப்போர்ட் கைகொடுக்கும்?

ஐந்துரோடு சர்வீஸ்:

வணக்கம். ஐந்து ரோடு பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க் ரெக்கவரியை முறையாகச் செய்ய ஒரு புரொஃபஷனல் டூல் வாங்கலாம் என்று இருக்கிறேன். இப்போது கையில் இருப்பது ஆர்-ஸ்டுடியோ, டிஎம்டிஇ என்ற இரண்டு ரெக்கவரி சாஃப்ட்வேர் மட்டும். டெலிட் ஆனது, ஃபார்மட் ஆனது, பார்ட்டிஷன் காணாமல் போனது வரை இவற்றை வைத்துச் சமாளிக்கிறேன். டிஸ்க் பயாஸில் வரவில்லை என்றாலோ, காப்பி பாதியில் நின்று உறைந்துவிட்டாலோ, பெங்களூருக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டியிருக்கிறது.

இங்கே வருவது எல்லாம் கலந்த வேலை. செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைகளின் டேலி டேட்டா, கொலுசுப் பட்டறைகளின் டிசைன் ஃபைல்கள், கல்யாண ஸ்டுடியோக்காரர்களின் எக்ஸ்டெர்னல் டிஸ்க், சிசிடிவி டிவிஆர் டிஸ்க். கணக்கு வழக்கு இருக்கும் டிஸ்க்கை வெளியூருக்குக் கூரியரில் அனுப்ப நிறையப் பேர் தயங்குகிறார்கள். கண் முன்னால் வேலை நடக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

பிசி-3000, எம்ஆர்டி, டிஎஃப்எல், டீப்ஸ்பார், ரேபிட்ஸ்பார் என்று படித்துப் பார்த்தேன். எல்லாருடைய பிரோஷரும் ஒரே மாதிரிதான் பேசுகிறது. உபயோகித்தவர்கள் சொல்லுங்கள். முக்கியமாக, வாங்கிய பிறகு சிக்கினால் யார் பதில் சொல்வார்கள்?

அம்மாபேட்டை ஹெட்ஸ்டாக்:

நான் எம்ஆர்டி வைத்திருக்கிறேன். சீனாவில் வூஹானில் இருக்கும் கம்பெனி. விலை பிசி-3000-ஐ விட நன்றாகவே குறைவு. நம்மூர் அளவுக்கு அதுதான் சரி என்பது என் கருத்து. சீகேட், டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) இரண்டும்தான் நமக்கு அதிகம் வருகிறது. அந்த இரண்டையும் எம்ஆர்டி நன்றாகவே செய்கிறது. சீகேட் டிரான்ஸ்லேட்டரை (டேட்டா எந்த இடத்தில் என்று காட்டும் அட்டவணை) மறுபடி உருவாக்குவது, டபிள்யூடி டிஸ்க் ஊர்ந்து ஊர்ந்து படிக்கும் பிரச்சினை, பேட் செக்டார் டிஸ்க்கை இமேஜ் எடுப்பது, அதாவது முழுசாக அப்படியே நகலெடுப்பது, எல்லாம் தினசரி வேலைதான்.

சப்போர்ட்டும் குறை சொல்ல முடியாது. ரிமோட்டில் வந்து பார்ப்பார்கள். சீன நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் காலையில் கடை திறந்தவுடன் கேட்டுவிட வேண்டும். மாலை ஐந்து மணிக்குக் கேட்டால் மறுநாள்தான். சீனப் புத்தாண்டு வந்தால் முழு ஊரும் லீவு, அப்போது அவசர வேலை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

லட்சக்கணக்கில் பிசி-3000-க்குப் போட்டுவிட்டு, அதற்கேற்ற வேலை வரவில்லை என்றால் வட்டி கட்டியே சோர்ந்துவிடுவீர்கள்.

லேப்டேபிள்:

சொந்த ஊர் சேலம். பெங்களூரில் ஒரு ரெக்கவரி லேபில் வேலை பார்க்கிறேன், பிசி-3000, எம்ஆர்டி இரண்டும் கையில் புழங்கியவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்தக் கருவி எந்த வேலைக்கு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் ஒரே இனம் இல்லை.

பிசி-3000, எம்ஆர்டி, டிஎஃப்எல் மூன்றும் ஃபர்ம்வேர், அதாவது டிஸ்க்கை இயக்கும் உள் புரோகிராமைத் தொடும் கருவிகள். டிஸ்க்கின் பிளாட்டரிலேயே, அதாவது உள்ளே சுற்றும் தகட்டிலேயே, நமக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது, சர்வீஸ் ஏரியா என்பார்கள். டிஸ்க் எழுந்து நிற்பதற்கு வேண்டிய மாட்யூல்கள், பேட் செக்டார் பட்டியல், டிரான்ஸ்லேட்டர் எல்லாம் அதில்தான். அதில் ஒன்று கெட்டால் போர்டும், தகட்டைப் படிக்கும் ஹெட்டும் நன்றாக இருந்தும் டிஸ்க் பேசாது. அதற்குள் புகுந்து படித்து, திருத்தி, எழுத இந்த வகைக் கருவி வேண்டும். பிசி-3000 தயாரிக்கும் ஏஸ் லேப் ரஷ்யாவில் ரோஸ்தோவில் தொடங்கியது, 1991-லிருந்து இதே வேலையாக இருக்கிறார்கள். அந்த அனுபவம் அது கையாளும் டிஸ்க் ஃபேமிலிகளின், அதாவது ஒரே அமைப்பில் வந்த மாடல் குழுக்களின், எண்ணிக்கையில் தெரிகிறது. தோஷிபா, ஹிட்டாச்சி, பழைய சாம்சங் என்று அரிதாக வருவதற்கும் அதில் வழி இருக்கும்.

டீப்ஸ்பார் கனடாவில் ஆட்டவாவில் இருக்கிறது. அவர்களுடைய டிஸ்க் இமேஜர் வேறு இனம். அதன் வேலை படிப்பது. நோய்வாய்ப்பட்ட டிஸ்க்கைக் கொல்லாமல் படிப்பது. சாதாரண கம்ப்யூட்டரில் ஒரு செக்டார் படிக்கவில்லை என்றால் விண்டோஸ் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும், டிஸ்க் உள்ளே முட்டி முட்டி ஹெட் இன்னும் கெடும். இமேஜர் அப்படி விடாது. இத்தனை மில்லி செகண்டில் பதில் வராவிட்டால் ரீசெட், அதற்கும் மசியவில்லை என்றால் கரன்டையே வெட்டி மறுபடி கொடுப்பது, அந்த இடத்தைத் தாண்டிப் போவது, நல்ல ஹெட் படிக்கும் பகுதியை முதலில் எடுத்துவிட்டு மோசமான ஹெட்டைக் கடைசிக்கு வைப்பது, இதெல்லாம் அதில் செய்யலாம். பிசி-3000-இல் டேட்டா எக்ஸ்ட்ராக்டர் என்ற பகுதியும் எம்ஆர்டியில் டேட்டா எக்ஸ்ப்ளோரரும் இதே வேலையைச் செய்கின்றன. பிசி-3000 விலை கேட்கும்போது டேட்டா எக்ஸ்ட்ராக்டர் சேர்ந்ததா இல்லையா என்று எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாமல் கார்டை மட்டும் வாங்கினால் பாதி வேலை நிற்கும்.

ரேபிட்ஸ்பாரும் டீப்ஸ்பாருடையதுதான். 2016 வாக்கில் வந்தது. ரெக்கவரியை முழுநேரத் தொழிலாகச் செய்யாத, உங்களைப் போன்ற சர்வீஸ் கடைகளுக்காகவே செய்தது. ஃபர்ம்வேர் உள்ளே நீங்கள் நுழைய வேண்டியதில்லை, தெரிந்த கோளாறுகளைத் தானே பார்த்துச் சரிசெய்ய முயலும். வசதியானது. ஆனால் அது கைவிட்ட டிஸ்க்கில் நீங்கள் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது நண்பர் சொன்ன எம்ஆர்டி விஷயம். சீகேட், டபிள்யூடி இரண்டுக்கும் எம்ஆர்டி போதும் என்பது பாதி உண்மை. பழைய ஃபேமிலிகளுக்குப் போதும். புதிய எஸ்எம்ஆர் (தடங்களை ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றி எழுதும்) டிஸ்க்குகளில் ஒரு ஃபேமிலிக்கான தீர்வு எந்தக் கருவியில் முதலில் வருகிறது, எவ்வளவு பத்திரமாக வேலை செய்கிறது என்பதில்தான் காசு நிற்கிறது. அதில் பிசி-3000 பெரும்பாலும் முன்னால் நிற்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

ஏற்காட்டு மேகம்:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எஸ்டேட் அலுவலகங்கள், லாட்ஜ்கள், பள்ளிக்கூடங்களுக்கு சிஸ்டம் வேலை பார்க்கிறேன். இங்கே மேலே வரும் கேஸ்களில் மின்சாரத்தால் போனவை நிறைய. கோடை மழையில் இடி விழும், வோல்டேஜ் ஏறி இறங்கும். பாதிக் கேஸுக்கு எந்த லட்ச ரூபாய் கருவியும் வேண்டாம்.

3.5 இஞ்ச் டிஸ்க் சுற்றவே இல்லை என்றால் முதலில் போர்டில் டிவிஎஸ் டயோடைப் பாருங்கள். 12 வோல்ட் லைனுக்கு ஒன்று, 5 வோல்ட்டுக்கு ஒன்று. அதிக வோல்டேஜ் வந்தால் தான் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. மீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். ஷார்ட் ஆனதை எடுத்துவிட்டால் டிஸ்க் ஓடும். ஆனால் பாதுகாப்பு போய்விட்டது, அதனால் நல்ல சப்ளையில் போட்டு டேட்டாவை எடுத்துக்கொண்டு டிஸ்க்கை ஒதுக்கிவிட வேண்டும். போர்டே எரிந்திருந்தால் இன்னொரு போர்டை அப்படியே மாட்டினால் ஓடாது. ரோம் சிப்பில் அந்த டிஸ்க்குக்கே உரிய விவரங்கள் இருக்கும். அதைப் பழைய போர்டிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். ரோம் தனி சிப்பாக இல்லாமல் கன்ட்ரோலருக்குள்ளேயே இருந்தால் அது வேறு கதை.

இமேஜ் எடுப்பதற்கு நான் வைத்திருப்பது ஓப்பன்சூப்பர்குளோன். ஹெச்டிடிசூப்பர்குளோன் என்று இருந்ததன் தொடர்ச்சி, இலவசம், லினக்ஸில் ஓடும். டிஸ்க்கை நேராக சாட்டா போர்ட்டில் மாட்ட வேண்டும். யுஎஸ்பி கன்வெர்ட்டரில் மாட்டினால் நடுவில் இருக்கும் சிப் டிஸ்க் என்ன சொல்கிறது என்பதை மறைத்துவிடும், ரீசெட்டும் ஒழுங்காகப் போகாது. ஒரு யுஎஸ்பி ரிலே போர்டு வாங்கிச் சேர்த்தால் டிஸ்க் தொங்கும்போது கரன்டை வெட்டிக் கொடுக்கவும் முடியும். டிஎம்டிஇ-யை இதோடு சேர்த்து ஓட்டினால் காலி இடத்தை விட்டுவிட்டு, ஃபைல் இருக்கும் இடத்தை மட்டும் படிக்க வைக்கலாம். உயிர் போகும் நிலையில் இருக்கும் டிஸ்க்குக்கு இது பெரிய விஷயம்.

ஐந்துரோடு சர்வீஸ்:

அண்ணா, ரிலே விஷயம் எனக்குப் புதிது, மிக்க நன்றி. லேப்டேபிள் சார், சப்போர்ட் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. எனக்கு அதுதான் கவலை. நான் முன்பு ஒரு டூல் பற்றி விசாரித்த டீலர், பணம் போடச் சொல்லித் தினம் போன் செய்தார். பயிற்சி யார் தருவார்கள் என்று கேட்டவுடன் பேச்சை மாற்றிவிட்டார்.

லேப்டேபிள்:

அதைத்தான் அடுத்து எழுத நினைத்தேன், தம்பி.

இந்தத் தொழிலில் நாம் காசு கொடுப்பது கார்டுக்கு இல்லை. ஒரு டிஸ்க் மேஜையில் சிக்கி நிற்கிறது, கஸ்டமர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் அந்த ஃபேமிலியைத் தெரிந்த ஒருவர் பதில் சொல்ல வேண்டும், அதற்குத்தான் காசு. ஆகவே விலையை மட்டும் ஒப்பிடாமல், முதல் வருடம் முடிந்தபின் வருடாவருடம் எவ்வளவு கட்ட வேண்டும், கட்டாவிட்டால் எது நிற்கும், அப்டேட் மட்டும் நிற்குமா, கேள்வி கேட்கும் உரிமையும் போகுமா என்று கேளுங்கள். புதிய டிஸ்க் ஃபேமிலிகள் வந்துகொண்டே இருப்பதால் அப்டேட் நின்ற கருவி கொஞ்ச நாளில் பழைய டிஸ்க்குக்கு மட்டும் என்று ஆகிவிடும்.

ஏஸ் லேப் சப்போர்ட் எப்படி என்றால், கேள்வியை முறையாக எழுதிக் கொடுத்தால் பதிலும் முறையாக வரும். ரஷ்ய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நாம் பதினொன்றரைக்குக் கேட்டால் அங்கே காலை ஒன்பது. அதாவது நம் பிற்பகல் முழுக்க அவர்கள் வேலை நேரம், மாலையில் சிக்கினாலும் ஆள் இருப்பார்கள். ஜனவரி முதல் வாரம் அங்கே விடுமுறை. கனடாவோ கிட்டத்தட்ட பத்து மணி நேரம் பின்னால், நீங்கள் கடை மூடும்போதுதான் அவர்கள் காபி குடிக்கிறார்கள். டீப்ஸ்பாரில் நிதானமான, தெளிவான ஆங்கிலத்தில் பதில் வரும், ஆனால் நடு வேலையில் உடனே கிடைக்காது.

கேள்வி எழுதுவது தனிக் கலை. "டிஸ்க் வேலை செய்யவில்லை, உதவி செய்யுங்கள்" என்று எழுதினால் உலகத்தில் எந்த சப்போர்ட்டும் ஒன்றும் செய்ய முடியாது. மாடல், ஃபேமிலி, ஃபர்ம்வேர் பதிப்பு, கரன்ட் கொடுத்தவுடன் என்ன சத்தம், ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரில் எந்த விளக்கு நிற்கிறது, டெர்மினலில் (டிஸ்க்கோடு சீரியல் கேபிள் வழியாகப் பேசும் திரை) என்ன எழுத்து வருகிறது, நீங்கள் இதுவரை என்னென்ன செய்தீர்கள், இவற்றோடு லாக் ஃபைல். செய்த எதையும் மறைக்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. ரோமையும் சர்வீஸ் ஏரியா மாட்யூல்களையும் முழுசாக பேக்கப் எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். பேக்கப் இல்லாமல் ஒரு மாட்யூலைக்கூட எழுதக் கூடாது. சப்போர்ட் ஆளிடம் பேசினால் அவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். பேக்கப் இருந்தால் மாட்யூல் எழுதியதில் வந்த தப்பைப் பெரும்பாலும் திருப்பிவிடலாம். இல்லையென்றால் அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

ரிமோட் சப்போர்ட் பற்றி ஒரு வார்த்தை. எனிடெஸ்க்கில் வந்து அவரே செய்துவிட்டுப் போவதை வேடிக்கை பார்க்காதீர்கள். திரையைப் பதிவு செய்துகொண்டு, எந்த மாட்யூலில் எதற்குக் கை வைத்தார் என்று அப்புறம் கேளுங்கள். நல்ல சப்போர்ட் சொல்லிக் கொடுக்கும். மழுப்பினால் அடுத்த வருடம் சந்தா கட்டுமுன் யோசியுங்கள்.

அம்மாபேட்டை ஹெட்ஸ்டாக்:

இதில் எனக்கு மறுப்பு உண்டு. முறையாக எழுதிக் கேட்பது லேபில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரி. ஒற்றை ஆளாகக் கடை நடத்துபவருக்கு, ரிமோட்டில் வந்து வேலையை முடித்துக் கொடுப்பவர்தான் தெய்வம். எம்ஆர்டி அதைச் செய்கிறது. இன்னொன்று, நமக்குள்ளேயே வாட்ஸ்அப்பில் தமிழ் பேசும் டெக்னீஷியன்கள் இருக்கிறோம். நாமக்கல், ஈரோடு, கரூர் வரை ஆட்கள் உண்டு. சில சமயம் கம்பெனியை விட அங்கே சீக்கிரம் விடை கிடைக்கிறது.

லேப்டேபிள்:

வாட்ஸ்அப் குழு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழுவில் யாரோ போட்ட மாட்யூலை எடுத்து உங்கள் டிஸ்க்கில் எழுதுவதை மட்டும் செய்யாதீர்கள். ஒரே மாடலாக இருந்தாலும் சில மாட்யூல்கள் அந்தந்த டிஸ்க்குக்கே உரியவை. டபிள்யூடி எஸ்எம்ஆரில் 190 மாட்யூல் அப்படி. எந்த டேட்டா எந்த இடத்தில் இருக்கிறது என்ற இரண்டாம் கட்ட டிரான்ஸ்லேட்டர் அதுதான். இன்னொரு டிஸ்க்கினுடையதை அதில் எழுதினால் கதை முடிந்தது.

கல்யாண ஸ்டுடியோ:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். டெக்னிக்கல் எனக்குத் தெரியாது. முகூர்த்த மாதங்களில் எடுத்த வீடியோ எல்லாம் 2 டிபி எக்ஸ்டெர்னல் டிஸ்க்குகளில்தான் வைக்கிறோம். ஒன்று கீழே விழுந்தது. மாட்டினால் டிக் டிக் என்று சத்தம். இன்னொன்றைப் பையன் தெரியாமல் ஃபார்மட் செய்துவிட்டான், அது நன்றாகத்தான் ஓடுகிறது. இரண்டாவது சுலபம், நாமே சாஃப்ட்வேர் போட்டு எடுக்கலாம் என்று சொல்கிறார்கள். சரியா?

லேப்டேபிள்:

அண்ணே, இரண்டையும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். முதலில் அதைச் செய்யுங்கள்.

விழுந்த டிஸ்க்கில் ஹெட் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் உடைந்த ஹெட் பிளாட்டரை உரசலாம். சீகேட்டின் மெல்லிய 2.5 இஞ்ச் டிஸ்க், ரோஸ்வுட் என்று நாங்கள் சொல்லும் ஃபேமிலி, இந்த விஷயத்தில் மிக மோசம். கோடு விழுந்த பிளாட்டருக்கு மருந்து கிடையாது. அதை சுத்தமான காற்று ஓடும் பெஞ்சில் திறந்து, பொருந்தும் டோனர் டிஸ்க்கிலிருந்து ஹெட் மாற்ற வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஈரம் உள்ளே படிந்து இருப்பதும் போகும்.

ஃபார்மட் ஆன டிஸ்க்தான் எனக்கு அதிகக் கவலை. இப்போது வரும் 2.5 இஞ்ச் எக்ஸ்டெர்னல்களில் நிறைய எஸ்எம்ஆர் வகை. டபிள்யூடி எஸ்எம்ஆர் டிஸ்க்குகளில் எஸ்எஸ்டி-யில் இருப்பது போலவே டிரிம் உண்டு. விண்டோஸில் குயிக் ஃபார்மட் போட்டால் "இந்த இடமெல்லாம் காலி" என்று டிஸ்க்குக்குத் தகவல் போய்விடும். அப்புறம் எந்த சாஃப்ட்வேர் கேட்டாலும் டிஸ்க் வெறும் பூஜ்யத்தைத்தான் கொடுக்கும். பிளாட்டரில் டேட்டா இன்னும் இருக்கலாம், ஆனால் அதற்கு வழிகாட்டும் அட்டவணை போய்விட்டது. பிசி-3000 மாதிரி கருவியில் டிரான்ஸ்லேட்டரைத் தாண்டி நேரடி முகவரியில் படிக்க வழி இருக்கிறது. டிஸ்க் சும்மா கரன்டில் இருந்தாலே உள்ளுக்குள் ஒழுங்குபடுத்தும் வேலையைத் தானாகச் செய்து அந்த இடங்களில் மேலெழுதிவிடலாம். அதனால்தான் கழற்றச் சொன்னேன்.

ஐந்துரோடு தம்பி, இதைக் கவனியுங்கள். உங்கள் ஊரில் ஸ்டுடியோ வேலை அதிகம் என்றால், இந்த ஒரு வகைக் கேஸுக்காகவே ஃபர்ம்வேர் கருவி வேண்டியிருக்கும். ஆர்-ஸ்டுடியோவில் ஸ்கேன் போட்டு ஒன்றும் வரவில்லை, டேட்டா அழிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிய டிஸ்க்குகளில் சில இப்படிப்பட்டவையாக இருக்கும்.

கல்யாண ஸ்டுடியோ:

கழற்றிவிட்டேன். பையன் இரண்டு மணி நேரமாக ஏதோ ஸ்கேன் ஓட்டிக்கொண்டிருந்தான், நிறுத்தச் சொல்லிவிட்டேன். நன்றிங்க.

ஏற்காட்டு மேகம்:

2009-இல் சீகேட் 7200.11 பிரச்சினை வந்தது ஞாபகம் இருக்கிறதா? நேற்று ஓடிய டிஸ்க் இன்று பயாஸிலேயே வராது. ஒரு டிடிஎல் சீரியல் கேபிள், 38400 வேகம், டெர்மினலில் சில கட்டளைகள், அவ்வளவுதான், உயிர் வந்துவிடும். இணையத்தில் வழி எல்லாருக்கும் கிடைத்தது. வீட்டில் உட்கார்ந்து எத்தனையோ பேர் சரிசெய்தார்கள். இப்போது ரோஸ்வுட்டில் டெர்மினலையே பூட்டிவிட்டார்கள். ரோமைத் திருத்தித் திறக்க வேண்டும், அதற்கு இந்த விலையுயர்ந்த கருவி வேண்டும். டிஸ்க் தயாரிப்பவர் பூட்டப் பூட்ட, சின்ன ஊர் டெக்னீஷியன் கையிலிருந்து வேலை நழுவுகிறது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அஸ்தம்பட்டி அக்கவுண்ட்ஸ்:

கஸ்டமர் தரப்பிலிருந்து ஒன்று கேட்கலாமா? இந்தக் கருவி வைத்திருக்கிறோம் என்று போர்டு போட்டிருப்பவரிடம் நாங்கள் எப்படி நம்பிக் கொடுப்பது? எங்கள் ஆபீஸ் டிஸ்க்கை ஒரு இடத்தில் கொடுத்தோம், திருகு திறந்த நிலையில் திரும்பி வந்தது. பெங்களூர் லேபில் அதைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்கள்.

லேப்டேபிள்:

உங்கள் கேள்வி நியாயமானது. கொடுக்குமுன் நான்கு விஷயம் கேளுங்கள் மேடம். டிஸ்க்கைத் திறப்பீர்களா, திறப்பதானால் எங்கே வைத்து, என்னிடம் சொல்லாமல் திறக்க மாட்டீர்கள் என்று ரசீதில் எழுதித் தருவீர்களா? என் டிஸ்க்கிலேயே நேராக வேலை பார்ப்பீர்களா, இன்னொரு டிஸ்க்கில் குளோன் எடுத்து அதிலா? ஃபைல் பட்டியலைக் காட்டிய பிறகு பணமா, முன்னமேயா? வேலை முடிந்ததும் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் என் காப்பியை எப்போது அழிப்பீர்கள்? தெளிவாகப் பதில் சொல்பவரிடம் எந்த பிராண்டு கருவி இருந்தாலும் கொடுக்கலாம்.

ஐந்துரோடு சர்வீஸ்:

எல்லாருக்கும் நன்றி. யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு, ரிலேவோடு ஓப்பன்சூப்பர்குளோன் வைத்துப் பழகப் போகிறேன். பேட் செக்டார் கேஸ்கள் அதில் ஓடட்டும். டயோடு, ரோம் மாற்றும் வேலைக்கு ஹாட் ஏர் ஸ்டேஷன் ஏற்கெனவே இருக்கிறது. ஹெட் மாற்றும் கேஸ்களைத் தொடப் போவதில்லை, திறக்காமல் லேபுக்கு அனுப்பிவிடுவேன், அதைக் கஸ்டமரிடமும் சொல்லிவிடுவேன். கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பிசி-3000 போர்ட்டபிள், டேட்டா எக்ஸ்ட்ராக்டரோடு. கார்டை விட போர்ட்டபிள் ஏன் என்றால், டிஸ்க்கை வெளியே விடமாட்டேன் என்னும் செவ்வாய்ப்பேட்டை கடைக்காரர்களின் இடத்துக்கே லேப்டாப்போடு போய்ப் பார்க்கலாம். எஸ்எஸ்டி-களும் வந்துகொண்டிருக்கின்றன.

எம்ஆர்டி அண்ணே, நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அம்மாபேட்டை ஹெட்ஸ்டாக்:

கோபம் எதற்கு? ஒரு ஊரில் இரண்டு கருவியும் இருந்தால் இருவருக்கும் நல்லது. எனக்குத் திறக்காத ஃபேமிலி உங்களிடம் வரட்டும், உங்களிடம் நான்கு டிஸ்க் வரிசையில் நின்றால் இங்கே அனுப்புங்கள். ஒன்று மட்டும், இறக்குமதி செய்யும்போது கஸ்டம்ஸும் ஐஜிஎஸ்டி-யும் தனியாக வரும், கொட்டேஷனில் அது இருக்காது. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ஐஜிஎஸ்டி-யை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

லேப்டேபிள்:

நல்ல திட்டம். பழகுவதற்கு டேட்டா தேவையில்லாத, தூக்கிப்போட வைத்திருக்கும் டிஸ்க்குகளைச் சேர்த்து வையுங்கள். ரோம் எடுப்பது, மாட்யூல் பேக்கப் எடுப்பது, அதைத் திரும்ப எழுதுவது, ஹெட் மேப் (எந்த ஹெட் எந்தப் பகுதியைப் படிக்கிறது என்ற வரைபடம்) போடுவது எல்லாவற்றையும் அவற்றில் கை பழகும் வரை செய்யுங்கள். செத்த டிஸ்க்கையும் தூக்கிப் போடாதீர்கள். மாடல், தயாரித்த தேதி, ஊர்க் குறியீடு எழுதி அட்டைப்பெட்டியில் வையுங்கள், போர்டுக்கோ ஹெட்டுக்கோ டோனராக ஆகும். ஸ்டுடியோ அண்ணனின் ஃபார்மட் ஆன டிஸ்க்கை யார் பார்ப்பது என்று முடிவு ஆகவில்லையே? அதன் லேபிளைப் படம் எடுத்து இங்கே போடச் சொல்லுங்கள், சீரியல் எண்ணை மறைத்துவிட்டு. மாடல் எண்ணைப் பார்த்தால் எஸ்எம்ஆரா இல்லையா என்று சொல்லிவிடலாம்.